அலுமினியம் டைக்கு எந்த நைட்ரைடிங்: உப்புத் தொட்டியா, வாயுவா, பிளாஸ்மாவா?

புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ, கடலூர் சிப்காட்டிலோ அலுமினியம் பிரஷர் டை காஸ்டிங் (உருகிய அலுமினியத்தை டை என்னும் ஸ்டீல் அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி வார்ப்பது) ஓட்டுகிறவர்கள் நைட்ரைடிங்கிற்கு (ஸ்டீல் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்குவதற்கு) டை அனுப்பும்போது, சலானில் "நைட்ரைடிங் செய்து தரவும்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவது வழக்கமாக இருக்கிறது. எந்த முறை, எத்தனை மைக்ரான் ஆழம், ஒயிட் லேயர் (மேலே உண்டாகும் இரும்பு நைட்ரைடு வெளித்தோல்) எவ்வளவு வரலாம் என்று எதுவும் இருக்காது. அந்த ஒரு வரிக்கு உலைக்காரர் தனக்கு வசதியான சார்ஜில் (ஒரே தடவையில் உலையில் ஏற்றும் சுமையில்), மற்றவர்களின் கியரோடும் ஷாஃப்டோடும் சேர்த்து டையையும் ஏற்றிவிடுவார். கியருக்கு நல்லதான அடுக்கு டைக்குக் கேடாக முடியலாம். முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், டை எதனால் சாகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அலுமினியம் டை நான்கு வழிகளில் கெடும். முதலாவது, அலுமினியம் பிடிப்பது. உருகிய அலுமினியத்துக்கு இரும்பைக் கரைக்கும் குணம் உண்டு. டை மேற்பரப்போடு சேர்ந்து இரும்பு-அலுமினியம் கலவைப் படலம் ஒன்றை உண்டாக்கி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஏடிசி-12, எல்எம்-24 ஆகிய அலுமினியக் கலவைகளில் இரும்பை 1.3 சதவீதம் வரை அனுமதித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: உலோகத்திலேயே இரும்பு இருந்தால் டையிலிருந்து எடுக்கும் பசி குறையும். எல்எம்-6-இல் அந்த வரம்பு 0.6 சதவீதம்தான். அதனால் அதே டையில் எல்எம்-6 ஓட்டினால் கூடுதலாகப் பிடிக்கும். இரண்டாவது அரிப்பு. கேட் (உலோகம் அச்சுக்குள் நுழையும் வாய்) வழியே விநாடிக்கு 30 முதல் 50 மீட்டர் வேகத்தில் உலோகம் பாயும்போது நேர் எதிரே நிற்கும் கோர் பின்னும் (வார்ப்பில் துளை விட நிற்கும் ஸ்டீல் கம்பி) கேட் ஓரமும் தேய்ந்து குழியாகும். மூன்றாவது ஹீட் செக்: ஒவ்வொரு ஷாட்டிலும் (ஒரு முறை வார்ப்பதில்) மேற்பரப்பு சூடேறி, ஸ்ப்ரே பட்டதும் சடாரென்று குளிர்ந்து, நாளடைவில் வலைபோல் விரிசல் விழுவது. நான்காவது, மூலையிலிருந்தோ, குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டையிலிருந்தோ இன்சர்ட் (டைக்குள் பொருத்தும் ஸ்டீல் கட்டை) முழுதாகப் பிளப்பது.

முதல் இரண்டுக்கும் நைட்ரைடிங் நல்ல மருந்து. மூன்றாவதுக்கு அளவோடு கொடுத்தால் உதவும்: நைட்ரஜன் புகுந்த அடுக்கு அழுத்த இறுக்கத்தில் இருப்பதால் விரிசல் தொடங்குவது தள்ளிப்போகும். ஆழம் கூடிவிட்டால் பலன் தலைகீழாகிவிடும். கடினமான அடுக்குக்கு நெகிழ்வு கிடையாது. விரிசல் விழுந்தால் அடுக்கின் முழு ஆழத்துக்கும் ஒரேயடியாக இறங்கும். நான்காவதுக்கு எந்த நைட்ரைடிங்கும் உதவாது. அதற்குக் காரணம் ஸ்டீலின் தரம், ஹார்டனிங், கூர்மூலை, குளிர்ந்த டையில் ஷாட் அடிப்பது ஆகியவை. பிளந்த டையோடு போய் நைட்ரைடிங்கைக் குறை சொல்வதில் பயனில்லை.

உலைக்குப் போகும் முன்

எந்த முறையானாலும் அடித்தளம் சரியாக இருக்க வேண்டும். ஹெச்-13 ஸ்டீலில் (டைகள் செய்யும் ஹாட் டை ஸ்டீல், ஜெர்மன் எண் 1.2344, ஜப்பானில் எஸ்கேடி-61) சுமார் 5 சதவீதம் குரோமியமும், சுமார் ஒன்றரை சதவீதம் மாலிப்டினமும், 1 சதவீதம் அளவுக்கு வனேடியமும் உண்டு. நைட்ரஜனைப் பிடித்து வைத்துக் கடினம் தருவதில் குரோமியத்துக்குத்தான் பெரும்பங்கு. கேவிட்டி இன்சர்ட் (வார்ப்பின் வடிவத்தைத் தரும் கட்டை) 44 முதல் 48 ராக்வெல் சி (கடினத்தை அளக்கும் ஓர் அளவு) வரை இருக்க வேண்டும். 38-இல் நிற்கும் இன்சர்ட்டின் மேல் 1000 விக்கர்ஸ் (இன்னொரு கடின அளவு) அடுக்கு போடுவது, குழைந்த சோற்றின் மேல் அப்பளத்தை வைத்து அழுத்துவது போலத்தான். அடியில் தாங்க ஆளில்லாமல் மேலே நொறுங்கும்.

ஹார்டனிங் செய்தவரிடம் கடைசி டெம்பரிங் (ஹார்டனிங்குக்குப் பின் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவது) எத்தனை டிகிரி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரைடிங் வெப்பநிலை அதைவிடக் குறைந்தது 30 டிகிரி கீழே இருக்க வேண்டும், 50 டிகிரி இருந்தால் நிம்மதி. 600 டிகிரியில் டெம்பர் ஆன டையை 580 டிகிரி உப்புத் தொட்டியில் இறக்கினால் உள்கடினம் இறங்குவதோடு அளவும் நகரலாம். உப்புத் தொட்டியா மற்ற இரண்டுமா என்ற கேள்விக்குப் பல நேரம் இந்த ஒரு எண்ணே விடை சொல்லிவிடும்.

ஸ்பார்க் எரோஷன் செய்த இடங்களை ஸ்டோன் போட்டு முழுதாக எடுங்கள். மின்பொறியில் உருகி மறுபடி உறைந்த அந்தத் தோல் டெம்பர் ஆகாதது, நுண்விரிசல்களோடு இருக்கும். அதை மூடி நைட்ரைடிங் செய்தால் விரிசலுக்குக் கடினமான உதடு வைத்துக்கொடுத்ததாக ஆகும். பிறகு டெம்பரிங்கைவிட 50 டிகிரி குறைவாக ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள் இறுக்கத்தைத் தளர்த்தும் சூடாக்கல்). கூர்மூலைகளில் இரண்டு பக்கமிருந்தும் நைட்ரஜன் நுழைவதால் அங்கே அடுக்கு தடித்து, விளிம்பு உதிரும். வடிவம் அனுமதிக்கும் இடங்களில் 0.5 மி.மீ. ஆரமாவது கொடுங்கள்.

டிரையல் ஷாட்டுகளை நைட்ரைடிங் இல்லாமலே எடுப்பது நல்லது. அளவு மாற்றமோ வெல்டிங்கோ வந்தால் அப்போதே முடித்துவிடலாம். நைட்ரைடிங் ஆன பிறகு டிக் வெல்டிங் வைத்தால் அடுக்கிலிருக்கும் நைட்ரஜன் வாயுவாகக் கிளம்பி வெல்டில் துளை துளையாக நிற்கும். அரை மில்லிமீட்டர் அளவுக்கு அரைத்து எடுத்துவிட்டு, 325 டிகிரிக்கு மேல் முன்சூடு கொடுத்த பிறகுதான் வைக்க முடியும். ஆனால் டிரையலில் ஒட்டிய அலுமினியத்தையும் டை ஸ்ப்ரேயின் சிலிகான் படலத்தையும் துடைக்காமல் அனுப்பினால், அந்த இடங்களில் நைட்ரஜன் புகாது. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கரைசலில் கரைக்கலாம். ஹைட்ரஜன் வாயு வரும், கரைசல் தானே சூடாகும். திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள்.

உப்புத் தொட்டி

சயனேட் உப்புகளை உருக்கிய தொட்டியில் 570–580 டிகிரியில் 1 முதல் 3 மணி நேரம். நைட்ரஜனோடு கார்பனும் சேர்ந்து ஏறும். விரைவு, மலிவு, ஒரே சீரான அடுக்கு என்று மூன்றும் கிடைக்கும். திரவம் தொடும் இடமெல்லாம் வேலை நடப்பதால் வடிவச் சிக்கல் குறைவு. ஒரு மணி நேரத்தில் 0.06 மி.மீ. போல ஆழம் வரும். கூடவே வெளியில் பல மைக்ரான் தடிப்பில் ஒயிட் லேயரும் வரும், அதைத் தவிர்க்க வழியில்லை.

ஒயிட் லேயர் என்பது இரும்பு நைட்ரைடே ஆன வெளித்தோல். அலுமினியம் இதில் எளிதாக ஒட்டாது என்பது உண்மை. ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. கேவிட்டியில் ஹீட் செக் தொடங்குகிற மூலமாக இதுவே ஆகிவிடும். உதிர்ந்த துணுக்கு இருந்த இடத்தில் அடுத்த ஷாட்டில் அலுமினியம் பிடிக்கும். எனவே கேவிட்டி இன்சர்ட்டுக்கு உப்புத் தொட்டி எங்கள் பரிந்துரை அல்ல. எஜெக்டர் பின் (வார்ப்பை வெளியே தள்ளும் கம்பி), ஸ்லைடு, கைடு, ரிட்டர்ன் பின் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போகலாம். அவை உரசலில் தேயும் பாகங்கள். கேவிட்டி அளவுக்கு வெப்ப அதிர்ச்சி படுவதில்லை.

இன்னொரு சங்கடம் தண்ணீர் ஓட்டைகள். 8 அல்லது 10 மி.மீ. ஓட்டைக்குள் போய் உறைந்த உப்பைச் சுடுநீரில் எத்தனை முறை அலசினாலும் முட்டு ஓட்டைகளின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். கடலோரத்து ஈரக்காற்றில் அந்த மிச்சம் நீரை இழுத்துத் துருவாக மாறும். கழிவுப் பக்கத்தையும் நினைக்க வேண்டும். தொட்டியில் பயன்பாட்டின் போதே சயனைடு உருவாகிறது. ஆக்சிஜனேற்றம் செய்யும் குளிர்ப்புத் தொட்டி வைத்து அதை அழித்த பிறகே அலசல் நீர், வெளியேற்றும் அமைப்புக்குப் போக வேண்டும். சிப்காட் கழிவுநீர் பற்றிக் கடலூர் மக்கள் நெடுங்காலமாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள், அது நியாயமான கேள்வி. சொந்தமாக ஒரு சிறு தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாயு

அம்மோனியாவை 500–530 டிகிரி உலைக்குள் விட்டால் சூடான ஸ்டீலின் மேல் அது பிரிந்து நைட்ரஜனைக் கொடுக்கும். 10 மணி நேரத்தில் ஏறத்தாழ 0.12 மி.மீ., 30 மணி நேரத்தில் 0.2 மி.மீ. நேரத்தை மும்மடங்காக்கினாலும் ஆழம் இரண்டு மடங்குகூட ஆவதில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே போகப் போக நைட்ரஜன் நகர்வது மெதுவாகும்.

வாயுவின் பலம், அது எங்கும் நுழைவது. ஆழமான ரிப், குறுகிய பள்ளம், நீண்ட துளை எல்லாவற்றிலும் அடுக்கு விழும். பலவீனமும் அதுவேதான்: வேண்டாத இடத்திலும் விழும். தண்ணீர் ஓட்டையின் உட்சுவர் நைட்ரைடு ஆனால் டையின் நடுவில் நொறுங்கும் தோல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். வெளியே சூடு, உள்ளே குளிர்நீர் என்று இழுபடும் இடம் அது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் குளோரைடும் சேர்ந்து அங்கிருந்தே விரிசலைக் கிளப்பும். ஆகவே எல்லாத் தண்ணீர் ஓட்டைகளையும் திருகாணிகளையும் ஸ்டீல் பிளக் போட்டு அடைத்தோ, நைட்ரைடிங் தடுக்கும் பெயின்ட் பூசியோ அனுப்ப வேண்டும். இதை உலைக்காரரிடம் விடாதீர்கள். உங்கள் டூல் ரூமிலேயே செய்து அனுப்புங்கள்.

சாதாரண ஒற்றைக்கட்ட வாயு நைட்ரைடிங்கில் ஒயிட் லேயர் தடிமனாக வரும். இரண்டுகட்ட முறை கேளுங்கள். முதற்கட்டத்தில் அம்மோனியா 15–30 சதவீதம் பிரியும் நிலையில் சில மணி நேரம். அடுத்து 75–85 சதவீதம் பிரியும் நிலைக்கு மாற்றுவார்கள். இரண்டாம் கட்டத்தில் நைட்ரஜன் வரத்து குறைவதால் ஒயிட் லேயர் வளராமல் ஏற்கெனவே ஏறியது உள்ளே பரவும். ஹைட்ரஜன் சென்சார் வைத்து நைட்ரைடிங் பொட்டென்ஷியலை (உலை வாயு நைட்ரஜனை ஏற்றும் திறனை) கணினியில் கட்டுப்படுத்தும் உலை என்றால் இன்னும் துல்லியம். பிரிவு அளவைப் பதிவு செய்யாத உலைக்கு டையை அனுப்பாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஹெச்-13-இன் குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் கட்டும். அது நைட்ரஜனைத் தடுக்கும். வாயு முறையில் இதை உடைக்க மென்மையான பிளாஸ்டிங்கோ முன் ஆக்சிஜனேற்றமோ தேவை. கைரேகையும் எண்ணெய்க் கறையும் அப்படியே திட்டுத் திட்டாக மென்மையான இடங்களாக நின்றுவிடும்.

பிளாஸ்மா

சில மில்லிபார் அழுத்தத்துக்கு இறக்கிய அறையில் டையே கேத்தோடு (எதிர்மின்முனை). சில நூறு வோல்ட் கொடுத்ததும் ஊதா ஒளி டையைப் போர்த்தும். நைட்ரஜன் அயனிகள் மேற்பரப்பில் மோதி உள்ளே போகும். 480–520 டிகிரியில் 10 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.12 மி.மீ., வாயுவுக்கு இணை. இதன் தனிச்சிறப்பு ஒயிட் லேயரின் மேல் இருக்கும் பிடி. நைட்ரஜன் 25, ஹைட்ரஜன் 75 என்ற கலவையில் மெல்லிய ஒயிட் லேயர் வரும். நைட்ரஜனை 5 சதவீதம் அளவுக்குக் குறைத்தால் ஒயிட் லேயரே இல்லாமல், நைட்ரஜன் உள்ளே பரவிய அடுக்கு மட்டும் கிடைக்கும். வெப்பநிலை குறைவாக இருப்பதால் அளவு நகர்வதும் குறைவு. ஆக்சைடு படலத்தை அயனி மோதலே தட்டிவிடும். அடைக்க வேண்டிய இடத்தை ஒரு ஸ்டீல் தகடோ போல்ட்டோ வைத்து மறைத்தால் போதும், பெயின்ட் வேண்டாம்.

குறை எங்கே என்றால் குறுகிய பள்ளங்களில். எதிரெதிர்ச் சுவர்களின் ஒளிப்படலங்கள் ஒன்றோடொன்று கலக்கும் அளவுக்கு இடைவெளி சிறுத்தால், அங்கே எலக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டு அந்த இடம் மட்டும் அளவு மீறிச் சூடாகும். இதை ஹாலோ கேத்தோடு விளைவு என்பார்கள். சில மில்லிமீட்டர் அகல ரிப் பள்ளங்களும் பிளக் போடாத ஓட்டைகளும் இதற்கு இலக்கு. அப்படிச் சூடேறிய இடத்தில் டெம்பர் இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இதற்கு மாறாக, ஆழமான சிறு துளைகளுக்குள் பிளாஸ்மா நுழையாமலே போய் அடுக்கில்லாமல் நிற்பதும் உண்டு. அழுத்தத்தைச் சரிசெய்து அனுபவசாலிகள் இதைச் சமாளிப்பார்கள், ஆனால் டையின் வடிவத்தை அவர்களிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும். பெரிதும் சிறிதுமான இன்சர்ட்டுகளை ஒரே சார்ஜில் ஏற்றினால் சிறியது முதலில் சூடாகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, கேவிட்டி இன்சர்ட்டுக்கு எங்கள் முதல் தேர்வு பிளாஸ்மா. ஹீட் சிங்க் தகடுகள் போல நெருங்கிய ஆழமான ரிப்கள் உள்ள வார்ப்புக்கு மட்டும் இரண்டுகட்ட வாயு. ஷாட் ஸ்லீவுக்கும் (உருகிய உலோகத்தை ஊற்றி அச்சுக்குள் தள்ளும் குழாய்) வாயுதான்: நீண்ட உள்துளைக்கு அதுவே சரி, அங்கே 0.2 மி.மீ. வரை ஆழமும் தாங்கும். கேட்டுக்கு நேரெதிரே நிற்கும் கோர் பின்னுக்கு நைட்ரைடிங் மட்டும் போதாது என்று தெரிந்தால், ஒயிட் லேயர் இல்லாத பிளாஸ்மா அடுக்கின் மேல் சில மைக்ரான் பி.வி.டி. பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாகப் படிய வைப்பது; குரோமியம் நைட்ரைடு அல்லது அலுமினியம் குரோமியம் நைட்ரைடு) போடுங்கள். அடியில் ஒயிட் லேயர் இருந்தால் பூச்சு போடும் சூட்டில் அது சிதைந்து பூச்சு உரியும். பின்னுக்கு இந்தச் செலவு தகும். முழு கேவிட்டிக்கும் பி.வி.டி. போடச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, முதலில் கேட் திசையையும் அங்கே தண்ணீர் வசதியையும் திருத்துங்கள் என்பதே.

இங்கிருந்து அனுப்பும்போது

இந்த வேலைக்கு நம் பகுதியிலிருந்து பெரும்பாலும் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோதான் டை போகிறது. உப்புத் தொட்டியும் வாயுவும் கிலோ கணக்கில் கூலி கேட்கும் வேலைகள். போல்ஸ்டரை (இன்சர்ட்டைத் தாங்கும் வெளிச்சட்டம்) கழற்றாமல் அனுப்பினால் வெறும் இரும்புக்குக் கூலி கொடுக்கிறீர்கள். இன்சர்ட்டுகளைத் தனியே எடுத்து, அதே ஸ்டீலில் அதே ஹார்டனிங் ஆன சிறு டெஸ்ட் பீஸ் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

சலானில் எழுத வேண்டியது இதுபோல இருக்கட்டும்: ஹெச்-13, 46 ராக்வெல் சி, கடைசி டெம்பரிங் 600 டிகிரி, பிளாஸ்மா நைட்ரைடிங், 520 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஆழம் 0.08–0.12 மி.மீ.; ஒயிட் லேயர் அதிகபட்சம் 3 மைக்ரான்; மேற்பரப்பு 950–1150 விக்கர்ஸ்; தண்ணீர் ஓட்டைகள் அடைத்தபடியே இருக்க வேண்டும்; டெஸ்ட் பீஸ் அறிக்கை தேவை. மெல்லிய ரிப் இருந்தால் ஆழத்தை 0.05-க்குக் குறையுங்கள். 1.5 மி.மீ. ரிப்பில் இருபுறமும் 0.15 ஏறினால் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு நொறுங்கும் பொருளாகிவிடும்.

எஜெக்டர் பின் துளைகளை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். மேற்பரப்பு சில மைக்ரான் வீங்கும். நைட்ரைடு ஆன துளையில் ரீமர் ஓடாது, லேப்பிங்தான் (அரைக்கும் பசை போட்டுத் தேய்ப்பது) வழி.

டை திரும்பி வந்ததும் ராக்வெல் மெஷினில் அழுத்திப் பார்த்து "கடினமே ஏறவில்லை" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. 46 ராக்வெல் சி ஸ்டீலில் அந்த வைர முனை 0.1 மி.மீ.க்கு மேல் இறங்கும். அடுக்கைத் தாண்டி உள்ளே இருப்பதைத்தான் அது அளக்கிறது. 1 கிலோ சுமையில் விக்கர்ஸ் பார்த்தால் 1000 விக்கர்ஸ் பரப்பில் தடம் 6 மைக்ரான்தான் இறங்கும், அதுவே சரியான சோதனை. ஆழத்தை டெஸ்ட் பீஸை வெட்டிப் பாலிஷ் செய்து பாருங்கள்: உள்கடினத்தைவிட 50 விக்கர்ஸ் கூடுதலாக இருக்கும் இடம் வரை அடுக்கு என்று கணக்கு. 46 ராக்வெல் சி ஏறத்தாழ 460 விக்கர்ஸ், எனவே 510-ஐத் தொடும் இடம்.

ஒயிட் லேயர் இல்லாத பரப்பு நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாரியில் வரும் டைக்கு உலையிலிருந்து இறங்கியவுடனே துருத்தடுப்பு எண்ணெயும் வி.சி.ஐ. காகிதமும் (ஆவியால் துருவைத் தடுப்பது) சுற்றச் சொல்லுங்கள். பிளாஸ்மாவுக்குப் பின் ஆக்சிஜனேற்றம் செய்து தரும் இடமென்றால் அதையும் கேட்கலாம். அந்தக் கறுப்பு ஆக்சைடு படலம் துருவைத் தள்ளிப்போடும்; டை ஸ்ப்ரேயையும் பிடித்து வைத்துக்கொள்ளும், முதல் ஷாட்டுகளில் ஒட்டுவது குறையும். வந்த டையை எமரி போட்டு மினுக்காதீர்கள். 0.1 மி.மீ.தான் கையிருப்பு.

மறு நைட்ரைடிங்

அடுக்கு நிரந்தரமல்ல. ஒரே இடத்தில் அலுமினியம் திரும்பத் திரும்பப் பிடிக்கத் தொடங்கினால் அங்கே அடுக்கு போய்விட்டது என்று கொள்ளலாம். அப்போது கறையை நீக்கி, ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்து, லென்ஸ் வைத்து ஹீட் செக் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். விரிசல் இருந்தால் முதலில் ஸ்டோன் போட்டு அடிவரை எடுக்க வேண்டும். விரிசலுக்குள் நைட்ரஜன் புகுந்தால் அதன் இரு சுவர்களும் கடினமாகி இன்னும் வேகமாக ஓடும். இரண்டாம் முறைக்கு முதல் முறையின் பாதி நேரம் போதும். தேயாத இடங்களில் பழைய அடுக்கு அப்படியே இருக்கிறது, முழு நேரம் கொடுத்தால் அங்கே ஆழம் வரம்பைத் தாண்டும். மொத்த ஆழம் 0.2 மி.மீ.யை நெருங்கிவிட்ட கேவிட்டிக்கு மேற்கொண்டு உலை வேண்டாம். தேய்ந்த பகுதியை மட்டும் சிறு இன்சர்ட்டாக வெட்டி மாற்றுவது மலிவாக முடியும்.